அகழெலியும் அதன் வளையும்

நன்செய்ப் பயிருக்கு விரோதிகளாயுள்ள பிராணிகளுள், எலியைப் போலக் குடியானவருக்கு நெருங்கியிருப்பதும், எலியைப் போல அவரால் அறியப்படாதிருப்பதும் வேறொன்றில்லை. பூச்சி விழுந்தால் இலையில் தெரிகிறது. நோய் கண்டால் பயிரின் நிறத்தில் தெரிகிறது. எலியோ பகல் முழுவதும் மண்ணுக்குள் இருந்து, இரவில் வெளிப்பட்டுத் தன் வேலையை முடித்துக்கொண்டு, விடியுமுன் மறைந்துவிடுகிறது. காலையில் வயலுக்குச் செல்பவர் காண்பது வெட்டுண்டு சாய்ந்த தூர்களையும், வரப்போரத்தில் குவிந்த புதுமண்ணையும் மட்டுமேயாகும். அதைக் கண்டதும் "எலி வந்துவிட்டது" என்கிறார். உண்மையில் எலி அன்று வந்ததன்று. சித்திரை வைகாசியிலேயே அவருடைய வரப்பில் குடியிருந்ததுதான். ஆகையால் எலியை ஒழிக்கும் உபாயத்தைக் கேட்குமுன், அஃது எங்கே, எவ்விதம், எந்த மாதத்தில் எப்படி வாழ்கிறது என்பதை அறிய வேண்டும். நம் வயல்களில் நட்டத்தின் பெரும்பகுதிக்குக் காரணமான அகழெலி ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதப்படுகிறது.

பெயரும் இனமும்

அகழ்தல் என்றால் தோண்டுதல். தோண்டும் தொழிலையுடையதால் அகழெலி, அகழான் என்னும் பெயர்கள் அகராதியில் காணப்படுகின்றன. கிராமங்களில் வயலெலி, வரப்பெலி என்று பொதுப்படச் சொல்வதே வழக்கம். சிலர் கரம்பை எலி என்றும் கூறுவர். சாஸ்திரிகள் இதற்கு இட்ட பெயர் பாண்டிகோட்டா பெங்காலென்ஸிஸ் என்பது. பாண்டிகூட் என்னும் ஆங்கிலச் சொல், 'பந்திகொக்கு' என்னும் தெலுங்குச் சொல்லின் திரிபு. பன்றியெலி என்பது அதன் பொருள். இப்பெயர் மிகவும் பொருத்தமானது. அகழெலியைக் கோலால் சீண்டினால், முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பன்றி போல உறுமுவதை வயலில் வேலை செய்பவர் யாவரும் கேட்டிருப்பர்.

முற்காலத்து ஆங்கிலேயர் நூல்களில் இது 'இந்தியன் மோல் ராட்' என்று குறிக்கப்பட்டுள்ளது. இதனால் ஒரு மயக்கம் உண்டாகிறது. மோல் ராட் என்று உண்மையாகவே சொல்லத்தக்க பிராணிகள் வேறு நாடுகளில் உள்ளன. சின்ன ஆசியாப் பகுதியில் வாழும் ஓரினத்துக்குக் கண்கள் தோலுக்குள் மூடுண்டு கிடக்கின்றன. எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா நாடுகளில் உள்ள மயிரற்ற இனம் ஒன்று, கறையான் போல ஒரே ராணியின்கீழ்க் கூட்டமாக மண்ணுக்குள்ளேயே ஆயுளைக் கழிக்கிறது. நம் அகழெலிக்குக் கண் உண்டு. வெளியில் வந்தே மேய்கிறது. கூட்டமாக வாழ்வதும் இல்லை. வளை தோண்டும் திறமையில் மட்டுமே அவற்றுக்கு ஒப்பாகும்.

நம் பக்கத்து வயல்களில் எலி ஒரே ஜாதியன்று. வயற் சுண்டெலி மிகச் சிறியது. அதன் வளைவாயில் விரல் நுழையும் அளவே இருக்கும். புல்லெலியின் மயிர் மிருதுவாயிருக்கும். அது நிலவெடிப்புகளிலும் ஆழமற்ற வளைகளிலும் தங்கும். வெள்ளெலி புன்செய்க் காடுகளுக்கு உரியது. பெரிய கண்ணும், வெண்மையான வயிறும், நுனியில் மயிர்க்குஞ்சமுள்ள நீண்ட வாலும் அதற்கு உண்டு. அகழெலிக்கு உடல் தடித்து, மூஞ்சி மழுங்கி, காது வட்டமாக இருக்கும். மயிர் முரடு, பழுப்பு கலந்த கருநிறம். வால் உடலைவிடக் குட்டை. தலையும் உடலும் சேர்ந்து 15 முதல் 23 சென்டிமீட்டர் நீளமும், 200 முதல் 400 கிராம் எடையும் பொதுவாக இருக்கும். வீட்டுக் கொல்லையிலும் சாக்கடையோரத்திலும் காணும் பெருச்சாளி இதன் இனத்தைச் சேர்ந்ததாயினும் வேறு பிராணி. அது ஒரு கிலோ அளவும் வளரும். பெருச்சாளிக் குட்டியே அகழெலி என்று சிலர் எண்ணுவது சரியன்று.

எலியினத்துக்கெல்லாம் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்புறம் மட்டும் கெட்டியான பூச்சு இருப்பதால், கொறிக்கக் கொறிக்கப் பின்புறம் தேய்ந்து, தச்சன் உளி போல முனை தானே தீட்டப்பட்டுவிடுகிறது. பசியில்லாத வேளையிலும் எலி ஏன் கடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதுவே விடை. அகழெலி மண் வெட்டுவதற்கும் முன்னங்காலோடு இப்பற்களையும் உபயோகிக்கிறது.

வளையின் அமைப்பு

அகழெலிக்கு ஈரமுள்ள, பிடிப்பான மண் வேண்டும். வண்டலும் களியும் கலந்த ஆற்றுப்படுகை நிலங்கள் அதற்கு மிகவும் உகந்தவை. காவிரிக் கழிமுகத்தில் அது செழித்திருப்பதன் காரணம் இதுவே. உலர்ந்த மணற்பாங்கில் வளை சரிந்துவிடுமாதலால் அங்கே அதிகம் தங்காது. வங்காளம், பர்மா, நேபாளம், பாகிஸ்தான், இலங்கை முதலிய நாடுகளிலும் பாசனமுள்ள இடங்களிலேயே இதைப் பெரும்பாலும் காணலாம்.

வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் வரப்பும் வாய்க்கால் கரையுமே அதற்கு வீடு. அகலமான வரப்பு எவ்வளவோ அவ்வளவு இடவசதி. ஒரு முழ அகலமுள்ள மெல்லிய வரப்பில் பெரிய வளை எடுக்க முடியாது. பக்கச்சுவர் உடைந்து தண்ணீர் புகுந்துவிடும். நான்கு பேர் சேர்ந்து நடக்கும்படி போட்டு வைத்திருக்கும் பழைய வரப்புகளோ, எலிக்குக் கட்டிக்கொடுத்த சத்திரங்கள் என்றே சொல்லலாம். வரப்பை 45 சென்டிமீட்டர் உயரமும் 30 சென்டிமீட்டர் அகலமுமாகக் குறுக்கி வைக்கும்படி வேளாண்மைத் துறையார் சொல்வதன் கருத்து இதுதான். வரப்பைக் குறுக்கினால் நடவுக்கு நிலம் சிறிது கூடுவதும் உண்டு. அதைச் சொன்னால்தான் நம்மவர் மண்வெட்டியை எடுக்கிறார்கள்.

வளையின் வாயிலில் மண் குவிந்திருக்கும். இம்மண் பொடியாக அன்றிக் கட்டி கட்டியாக இருப்பது அகழெலியின் அடையாளம். உள்ளே சென்றபின், வாயிலை மண்ணாலேயே அடைத்துவிடுவது இதன் வழக்கம். இதனால் பாம்பும் கீரியும் எளிதில் நுழையமாட்டா. உள்ளிருக்கும் ஈரமும் காக்கப்படும். ஆகவே திறந்து கிடக்கும் பொந்தைக் கண்டு எலி இருப்பதாக எண்ணுவதும், அடைபட்ட பொந்தைக் கண்டு எலி போய்விட்டதாக எண்ணுவதும் இரண்டும் தவறு. பழைய வளையில் பாம்பும் நண்டும் குடியிருக்கலாம்.

உள்ளே வழி கிளை கிளையாகப் பிரிந்து பல மீட்டர் தூரம் செல்லும். ஓரிடத்தில் வைக்கோலும் சருகும் கிழித்துப் பரப்பிய படுக்கையறை இருக்கும். குட்டி ஈனுவது அங்கேதான். வேறு இடங்களில் தானிய அறைகள் இருக்கும். இவையன்றி, மண் குவியாமல், மேலே மெல்லிய மண்போர்வை மாத்திரம் விட்டுவைத்த ஒரு திருட்டு வாயிலும் சற்றுத் தொலைவில் உண்டு. மண்வெட்டி ஒரு பக்கம் விழுந்தவுடன் எலி இதைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு ஓடும். அனுபவமுள்ளவர்கள் முதலில் இதைத் தேடி ஓராளை நிறுத்திய பிறகே வெட்டத் தொடங்குவார்கள். அனுபவமில்லாதவர் வரப்பைப் பாழாக்கி வெறுங்கையோடு திரும்புவார்.

குட்டி போட்ட தாய் நீங்கலாக, ஒரு வளையில் வளர்ந்த எலி ஒன்றே இருக்கும். ஆணும் பெண்ணும் சேருங் காலத்தில் மட்டுமே ஒன்றின் வளைக்கு மற்றொன்று போகும். மற்ற வேளையில் ஒன்றையொன்று கண்டால் கடுமையாகக் கடித்துக்கொள்ளும். இச்சிறு செய்தி நமக்குப் பெரிதும் உபயோகமானது. வளையை எண்ணினால் எலியை எண்ணியதாகும். மாலையில் வரப்பு நெடுகிலும் உள்ள மண்குவியல்களை மிதித்துச் சமன்செய்து விடுக. மறுநாட் காலையில் எத்தனை இடங்களில் ஈரமான புதுமண் தள்ளப்பட்டிருக்கிறதோ, அவையே உயிருள்ள வளைகள். ஒரே எலி இரண்டு மூன்று வாயில்களில் மண் தள்ளலாம். நெருங்கியிருக்கும் குவியல்களை ஒன்றாகக் கொள்வது நலம். இவ்வாறு எண்ணி எழுதி வைத்துக்கொண்டால், பொறி வைத்த பிறகும் வெட்டிய பிறகும் மறுபடி எண்ணிப் பார்த்துச் செய்த வேலையின் பலனை அறியலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

தானிய அறைகளைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். கதிர் முற்றும் காலத்தில் அகழெலி கதிரை நறுக்கி வளைக்குள் இழுத்துச் சென்று அடுக்குகிறது. இச்செயல் மிகப் பழங்காலத்திலேயே கவனிக்கப்பட்டதொன்று. புறநானூற்றில் சோழன் நல்லுருத்திரன் செய்யுள் ஒன்று இதனை உவமையாக எடுத்தாள்கிறது. ஒரு வளையிலிருந்து சில கிலோ நெல் எடுப்பது அரிதன்று. 300 கிராம் எடையுள்ள எலி நாளொன்றுக்குத் தின்பது 25 அல்லது 30 கிராம் அளவேயாகும். ஆகவே தின்பதைவிடச் சேர்ப்பதும், சேர்ப்பதைவிட வெட்டி எறிவதும் அதிகம் என்று உணர வேண்டும்.

வருஷத்தின் சக்கரம்

சித்திரை, வைகாசி மாதங்களில் நன்செய் வெறிச்சோடிக் கிடக்கும். உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டது. எலிக்கு இரை குறைவு; ஈரம் குறைவு. வாய்க்கால் கரை, திடல், பெரிய வரப்பு, வைக்கோற்போர் அடி ஆகிய சில இடங்களில் மட்டும் மீந்த எலிகள் ஒதுங்கிக் கிடக்கின்றன. வருஷத்தில் அவற்றின் தொகை மிகவும் குறைந்திருக்கும் காலம் இது.

ஜூன் மாதத்தில் மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை நடவானதும் நிலைமை மாறுகிறது. நடவு வேர்பிடித்துத் தூர் கட்டும்போதே எலி வெட்டத் தொடங்கும். ஆனால் இப்பருவத்தில் வெட்டுண்ட தூர் மறுபடி கிளைத்துவிடுகிறது. நட்டம் கண்ணுக்குத் தெரியாமலே ஈடாகிவிடுகிறது. குடியானவர் ஏமாறுவது இங்கேதான். பயிர் பொதியில் இருக்கும்போது, உள்ளிருக்கும் இளங்கதிரின் இனிப்புக்காக எலி தண்டைச் சாய்வாக நறுக்குகிறது. அப்போது வெட்டுண்டது வெட்டுண்டதே. மறுபடி கதிர் வராது. மேலும், வயலின் நடுவிலே வெட்டி, ஓரத்து வரிசைகளை விட்டுவைக்கும் குணம் எலிக்கு உண்டு. வரப்பில் நின்று பார்ப்பவருக்குப் பயிர் முழுமையாகவே தோன்றும். அரிவாளோடு உள்ளே இறங்கும் நாளில்தான் நடுவில் வட்டம் வட்டமாக வெறுமை தெரியும்.

பொதிப் பருவம் எலிக்கு விருந்து மாத்திரமன்று. அதன் இனவிருத்திக்கும் அதுவே காலம். சத்துள்ள இரை கிடைத்தவுடன் பெண்ணெலி சினைப்படுகிறது. சினைக்காலம் சுமார் 23 நாட்கள். ஓர் ஈற்றில் ஐந்து முதல் எட்டுக் குட்டிகள் சாதாரணம். அதற்கு மேலும் உண்டு. குட்டிகள் கண் திறக்க இரண்டு வாரத்துக்கு மேலாகும். ஒரு மாதத்தில் பால் மறக்கும். மூன்று மாதத்தில் தாமே ஈனத் தகுதியாகும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஆவணியில் ஒரு ஜோடி ஆறு குட்டி ஈன்று, அவற்றுள் மூன்று பெண்ணென்றும், யாவும் பிழைத்தன என்றும் வைத்துக்கொள்க. மார்கழியில் தாயும் மகள் மூன்றுமாக நால்வர் ஆறாறு ஈன்றால் 24. ஆக இரண்டு எலி 32 ஆயிற்று. இதில் இடையே தாய் ஈன்ற வேறு ஈற்றுகளைச் சேர்க்கவில்லை. யாவும் பிழைக்கமாட்டா என்பது மெய்யே. பாதி பிழைத்தாலும் போதாதா?

இக்கணக்கில் மறைந்திருக்கும் இன்னொரு செய்தி, நடவுக் காலத்தைப் பற்றியது. ஒரு பாசன வாய்க்காலின்கீழ் எல்லோரும் இரண்டு வாரத்துக்குள் நட்டு முடித்தால், பொதிப் பருவமும் ஒரே சமயத்தில் வந்து ஒரே சமயத்தில் தீர்ந்துவிடும். ஒருவர் ஆனியிலும், அடுத்தவர் ஆடியிலும், மூன்றாமவர் ஆவணியிலும் நட்டால், எலிக்கு விருந்து மூன்று மாதம் நீளும். ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குப் பந்தி மாறிக்கொண்டே ஈற்றும் தொடரும். தண்ணீர் முறை பிந்துவதால் கடைமடைக்காரர் பிந்தி நடுவது அவர் குற்றமன்று. ஆயினும் எலி மேல்மடை அறுவடையானவுடன் கடைமடைக்கே இறங்குவதால் நட்டம் அவர் தலையில் விழுகிறது. இதைத் தலைமடையார் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வயல் வளைகள் நிரம்பிவிடும். எலி மூழ்கிச் சாகும் என்று நம்பியிருப்பது வீண். அகழெலி நன்றாக நீந்தும்; மேட்டுக் கரைகளிலும் சாலையோரங்களிலும் நெருக்கமாகக் கூடும். அப்போது அங்கே பொறி வைப்பது மிகுந்த பலன் தரும். பின்னர்ச் சம்பா, தாளடிக் கதிர்களில் அடுத்த பெருக்கம். தை மாசியில் தொகை உச்சத்துக்கு ஏறும்.

ஆசியாவில் நெல் விளையும் நாடுகளில் அறுவடைக்கு முன் எலிகளால் நேரும் நட்டம் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. இது சராசரி என்பதை மறவாதீர்கள். எலி எல்லார் வயலிலும் சமமாக வெட்டுவதில்லை. பக்கத்தில் தரிசும் புதரும் உள்ள அரை ஏக்கர்க்காரர் பாதி விளைவை இழக்கவும், நடுவிலுள்ள பத்து ஏக்கர்க்காரர் ஒன்றுமறியாதிருக்கவும் கூடும். சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனுக்குத் தவணை இருவருக்கும் ஒன்றே. கடன் கணக்கைப் பார்ப்பவர்களுக்கு எலியில் என்ன அக்கறை என்று கேட்பவர்க்கு இதுவே பதில்.

வெட்டிப் பிடித்தல்

மேற்கூறியவற்றிலிருந்து ஒன்று விளங்கும். எலியை அடிக்க வேண்டிய காலம், அது கண்ணுக்குத் தெரியும் தை மாதமன்று. தெரியாத வைகாசி மாதமே. வைகாசியில் பிடிபட்ட ஒரு பெண்ணெலி, தையில் பிடிபட்ட இருபதுக்குச் சமம்.

பல கிராமங்களில் எலிக்கு வாலொன்றுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் வழக்கம் இருந்து வருகிறது. வழக்கம் நல்லதே; கொடுக்கும் காலந்தான் மாறாக இருக்கிறது. நட்டத்தைக் கண்டு அலறும்போது பணம் வசூலாகிறது, அப்போது எலி மலிந்திருப்பதால் பிடிப்பவர் ஒரு நாளில் பல வால்களைக் கொண்டுவருவர், பணம் தீர்ந்துவிடும், மீந்த எலி எஞ்சியதை வெட்டும். கோடையில் எலி அரிதாயிருக்கும்போது அதே கூலிக்கு ஒருவரும் வாரார். நாள் முழுதும் வெட்டினாலும் ஐந்தாறு கிடைக்குமோ என்னவோ. எனவே கோடையில் வாலுக்குக் கூலியை இரட்டிப்பாகவோ, நாட்கூலியாகவோ ஏற்படுத்துவதே முறை. பார்வைக்குச் செலவு அதிகம். கணக்கில் மிகக் குறைவு.

எலி பிடிப்பதில் இருளர்களுக்கு ஒப்பானவர் இல்லை. புல் நறுக்கிய தடம், புழுக்கையின் ஈரம், மண்ணின் புதுமை ஆகியவற்றைக் கொண்டே வளையில் எலி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலும் தழையும் அடைத்து நெருப்பிட்டு, வாயை வளையோடு பொருத்தி, துளை வழியே ஊதிப் புகை செலுத்துவது அவர்களுடைய பழைய முறை. புகை எங்கெங்கே கசிகிறதோ அங்கெல்லாம் வாயில் உண்டென்று தெரிந்துகொண்டு அடைப்பர். எலி மயங்கிக் கிடக்க வெட்டி எடுப்பர். ஆனால் ஊதுகிறவர் புகையை உள்ளிழுப்பதும், உதடும் கையும் வெந்துபோவதும் உண்டு. கையால் சுழற்றிப் புகையூட்டும் உலோகக் கருவி ஒன்று இதற்காகச் செய்யப்பட்டு, அம்முயற்சிக்கு 2003-இல் உலக வங்கியின் பரிசும் கிடைத்தது. பிடிக்க அழைப்பவர்கள் இத்தகைய கருவியைச் சங்கத்தின் பொதுச்செலவில் வாங்கி வைத்திருப்பது தகும். பிறர் நுரையீரலைக் கொண்டு நம் பயிரைக் காப்பாற்றிக்கொள்வது நியாயமன்று.

வளைக்குள் கைவிடலாகாது. எலியின் பின்னால் சென்ற நல்லபாம்போ கண்ணாடி விரியனோ உள்ளே இருக்கும். கடிபட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்; கட்டுப்போட்டு இறுக்குவதும், கீறி உறிஞ்சுவதும் தீங்கையே செய்யும். பாம்புக்கடிக்கு அங்கே செலுத்தும் மருந்து, பாம்பின் விஷத்தைக் கொண்டே தயாராவது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பின்னர்ப் பாம்புத்தோல் வியாபாரமும் நின்றபோது பிழைப்பிழந்த இருளர்கள், 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பிடித்த பாம்பின் விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பவும் காட்டில் விடுகிறார்கள். எலி வளையில் கடிபட்ட குடியானவரின் உயிர் இவ்வழியாகவும் அவர்கள் கைப்பட்டது.

அறுவடையானபின் ஏழைப் பெண்டிரும் சிறுவரும் வளையை வெட்டி நெல்லெடுப்பது பழைய வழக்கம். வரப்பு பாழாகிறதென்று நிலக்காரர் அவர்களை விரட்டுவதும் உண்டு. இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் வெட்டுபவர் பக்கமே. எப்படியும் நிலக்காரர் கைக்கு வராத நெல் அது. வெட்டாது விட்டால் அந்நெல்லைத் தின்று எலி கோடையைக் கடத்தும். அவ்வளையினால் ஆனி மாதத்தில் தண்ணீர் கசிந்து வரப்பு தானே உடையும். வெட்டிய இடத்தை மிதித்து அடைத்துவிட்டுப் போக வேண்டும் என்னும் ஒரே நிபந்தனையோடு அனுமதிப்பது இரு திறத்தார்க்கும் லாபம்.

பொறியும் விஷமும்

தஞ்சாவூர்க் கிட்டியை அறியாதவர் இரார். மூங்கில் சிம்பை வில்லாக வளைத்து, பனையோலையும் கயிறும் சேர்த்துச் செய்யும் இப்பொறியில், இரையை இழுத்தவுடன் வில் விடுபட்டு எலியின் கழுத்தை நெரித்துவிடும். மலிவானது, உள்ளூரிலேயே செய்யத்தக்கது, மனிதருக்கும் மாட்டுக்கும் தீங்கற்றது. ஒன்றிரண்டு வைப்பதால் பிரயோஜனமில்லை. ஹெக்டேருக்கு நூறு வரை ஒரே இரவில் வைக்க வேண்டும்.

விஷ இரைகளில் சிங்க் பாஸ்பைடு உடனே கொல்லும், முறிமருந்து கிடையாது. எலி புதிய பண்டத்தைச் சந்தேகிக்கும் பிராணியாதலால், இரண்டு மூன்று நாள் விஷமற்ற இரையை வைத்துப் பழக்கிய பிறகே இதை வைக்க வேண்டும். சிறிது தின்று பிழைத்த எலி அவ்விரையை மறுபடி தீண்டாது. புரோமாடயலோன் போன்ற மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாளில் கொல்வதால் எலிக்குச் சந்தேகம் எழாது; ஆனால் அவ்வெலியைத் தின்ற ஆந்தைக்கும் அது கேடு. எதையும் வேளாண்மை அலுவலரைக் கலந்தே உபயோகிக்க வேண்டும். விஷம் வைத்த வயல் எதுவென்று தண்டோராப் போட்டுச் சொல்லுவது அவசியம். வயலெலியைச் சமைத்து உண்ணும் குடும்பங்கள் நம் கிராமங்களில் உள்ளன. அவர்களுக்குச் சொல்லாமல் விஷம் வைப்பவர் எலியைக் கொல்ல நினைத்து மனிதரைக் கொல்பவர் ஆவார்.

சாரைப்பாம்பு, கீரி, காட்டுப்பூனை, நரி, கூகை ஆகியவை கூலி கேளாத வேலையாட்கள். கூகையைச் சாக்குருவி என்று கல்லெறிந்து துரத்துவது பேதைமை. இரவில் அதன் இரை பெரும்பாலும் எலியே. தென்னை மட்டையைத் தலைகீழாக வயல் நடுவே நட்டு வைத்தால் ஆந்தைகள் வந்து உட்காரும். கதிர் முற்றும்போது பகலில் தானியம் தின்னும் பறவைகளும் அதில் உட்காருமாகையால் அப்போது எடுத்துவிட வேண்டும்.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை. எலியின் மூத்திரத்தில் உள்ள ஒருவகைக் கிருமி, வயல் நீரில் கலந்து, வேலை செய்வோரின் கால் வெடிப்பு, கீறல் வழியாக உள்ளே புகுகிறது. இதுவே எலிக்காய்ச்சல். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை அடையாளங்கள். கவனியாது விட்டால் காமாலை கண்டு சிறுநீரகமும் கெடும். ஆரம்பத்தில் மருந்து எளிது. நடவுக்கும் களைக்கும் போனபின் காய்ச்சல் கண்டவர், வைத்தியரிடம் தாம் வயல் நீரில் நின்று வேலை செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாததனால் சாதாரணக் காய்ச்சல் என்று நாள் கடத்தப்படுகிறது.

வயலிலிருந்து கிடங்குக்கு

அகழெலி வயலோடு நிற்பதன்று. கல்கத்தா நகரத்துத் தானியக் கிடங்குகளில் இதே எலி பெருந்தொகையாகக் குடிபுகுந்ததை ஸ்பில்லெட் என்பவர் ஆராய்ந்தெழுதிய நூல் 1968-இல் வெளியாயிற்று. மண்ணிருக்கும் இடம் எதுவோ அது இதற்கு வயலே. தரையடி மண்ணில் வளையெடுத்து மூட்டைக்கு நேர் கீழே வாய்வைக்கும். சுவரேறுவதில் வீட்டெலிக்கு இணையன்று. ஆகையால் சங்கக் கிடங்குகளில் கவனிக்க வேண்டியது மேல்முகட்டைவிடத் தரையும் அடிச்சுவரும்தான். தரை சிமெண்டு வெடித்திருந்தால் உடனே பூச வேண்டும். கதவின் அடிப்பாகத்தில் தகடு அடிக்க வேண்டும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே அரை அங்குலச் சந்து இருந்தாலும் இளவெலி நுழையும். கிடங்கின் தளம் இரண்டரை அடிக்குக் குறையாத உயரத்தில் இருந்து, படிக்கட்டு சுவரோடு ஒட்டாமல் எடுத்து வைக்கக்கூடியதாக இருத்தல் நலம். மூட்டைகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கட்டைமேல் அடுக்கினால், சுற்றி நடந்து பார்க்கலாம். தரையில் சிந்திய நெல்லும் புதுமண்ணும் அன்றன்றே கண்ணில் படும். கிடங்கைச் சுற்றிக் கிடக்கும் பழஞ்சாக்கு, செங்கற்குவியல், புதர் ஆகியவற்றை வைகாசியில், வரப்பு வெட்டும் அதே வாரத்தில் அகற்றிவிட வேண்டும்.